ராபர்ட் மெக்ராக்கனை ஜோஷுவாவின் தோல்வியை வைத்து மட்டும் எடை போடாதீர்கள்

கேள்வி இது: “ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் ஆன்டனி ஜோஷுவாவுக்குப் பயிற்சி கொடுத்த ராபர்ட் மெக்ராக்கன் தன் காலத்தில் உலகப் பட்டம்கூட ஜெயிக்காத ஒரு சாதாரண வீரர். அவரை ஏன் பிரிட்டனின் சிறந்த பயிற்சியாளர்களில் ஒருவர் என்கிறார்கள்? உக்ரைன்காரர் ஒலெக்சாண்டர் உசிக்கிடம் ஜோஷுவா தோற்றதற்கு அவர்தானே காரணம்?”

கடைசி வரிக்கு என் பதில் ஓரளவு ஆமாம் என்பதுதான், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் ‘சாதாரண வீரர்’ என்பதை அப்படியே விட்டுவிட முடியாது. ஜோஷுவாவின் தோல்விகள் வழியாக மட்டும் இவரைப் பார்த்தவர்களுக்கு இவருடைய உண்மையான வேலை கண்ணில் படவே இல்லை என்று நினைக்கிறேன்.

மெக்ராக்கன் 1968-ல் பர்மிங்காமில் பிறந்தவர். வீட்டில் சகோதரர்களும் குத்துச்சண்டைக்காரர்கள். 1991-ல் தொழில்முறைக்கு வந்து பத்து ஆண்டுகளில் 35 சண்டை, அதில் 33 வெற்றி. 1994-ல் ஆண்டி டில்லைத் தோற்கடித்து பிரிட்டிஷ் லைட் மிடில்வெயிட் பட்டம் வாங்கினார், அப்புறம் எடை கூட்டி காமன்வெல்த் மிடில்வெயிட் பட்டமும் வாங்கினார். பிரிட்டிஷ் பட்டம் என்பது அந்த ஊரில் சின்ன விஷயம் கிடையாது, அதற்குத் தரும் லான்ஸ்டேல் பெல்ட்டை இடுப்பில் கட்டுவதற்காகவே வாழ்க்கை முழுக்கச் சண்டை போட்டு அது கிடைக்காமலே ஓய்வு பெற்றவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். 2000 ஏப்ரலில் வெம்பிளியில் அமெரிக்கர் கீத் ஹோம்ஸுடன் டபிள்யூபிசி என்ற உலக அமைப்பின் மிடில்வெயிட் பட்டத்துக்கு மோதும்வரை மெக்ராக்கன் ஒரு சண்டையும் தோற்றதில்லை. அன்று 11-வது சுற்றில் நடுவர் நிறுத்தினார். அடுத்த ஆண்டு ஹோவர்ட் ஈஸ்ட்மன் 10-வது சுற்றில் முடித்துவைத்தார். அதோடு ரிங் வாழ்க்கை முடிந்தது.

அதாவது நாட்டுக்குள் ஜெயிக்கும் தரத்துக்கும் உலகத் தரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதை இவர் தன் உடம்பில் வாங்கித் தெரிந்துகொண்டவர். பிறவி மேதைகள் பலர் பயிற்சியாளராகத் தடுமாறுவதற்குக் காரணம், அவர்களுக்குத் தானாக வந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாது என்பது. மெக்ராக்கன் மாதிரி ஆட்கள் ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துக் கற்றவர்கள். இது என் கணிப்புதான், ஆனால் இவர் வளர்த்த வீரர்களைப் பார்த்தால் அது சரியென்றே படுகிறது.

சரி, அவர்களில் முதலில் ஃப்ராச். நாட்டிங்காம்காரர் கார்ல் ஃப்ராச் 2002-ல் தொழில்முறைக்கு வந்த நாளிலிருந்து 2014-ல் கடைசிச் சண்டை வரை மெக்ராக்கனுடன்தான் இருந்தார். இந்த விளையாட்டில் இது எவ்வளவு அபூர்வம் என்று தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், ஒரு தோல்வி வந்தாலே பயிற்சியாளரைத்தான் முதலில் மாற்றுவார்கள். ஃப்ராச் இரண்டு முறை தோற்றார், இரண்டு முறையும் அதே ஆளோடு திரும்பி வந்தார்.

ஃப்ராச்சின் பாணி பாடப்புத்தகத்துக்கு எதிரானது. இடது கை தொடைப் பக்கம் தொங்கும், தாடை வெளியே தெரியும், பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். இன்னொரு பயிற்சியாளராக இருந்தால் முதல் ஆண்டிலேயே அந்தக் கையை மேலே தூக்கவைத்து, நல்ல பிள்ளையாக்கி, இருக்கிற வீரனையும் இல்லாமல் செய்திருப்பார். மெக்ராக்கன் அந்தக் கையை அப்படியே விட்டார். கீழிருந்து வரும் ஜாப், அதாவது இடது கை நேர்க்குத்து, எதிராளிக்குத் தெரிய நேரமாகும் என்பதால் அதையே ஆயுதமாக்கி, தூரத்தைக் கணிக்கும் வேலையில் மட்டும் கவனம் வைத்தார்கள்.

2008 டிசம்பரில் ழான் பாஸ்கலைத் தோற்கடித்து டபிள்யூபிசி சூப்பர் மிடில்வெயிட் பட்டம் வந்தது. நான்கே மாதத்தில் அமெரிக்காவுக்குப் போய் ஜெர்மெய்ன் டெய்லருடன் மோதினார். மூன்றாவது சுற்றில் ஃப்ராச் தன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கீழே விழுந்தார். 11 சுற்று முடிந்தபோது மூன்று நீதிபதிகளில் இருவரின் புள்ளி அட்டையில் டெய்லர் நான்கு புள்ளி முன்னால் இருந்தார். அந்த அட்டைகள் கார்னருக்கு, அதாவது ரிங் மூலையில் நிற்கும் பயிற்சியாளர் குழுவுக்குத் தெரியாது, ஆனால் நல்ல கார்னர் தன் தலைக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும், பொய் நம்பிக்கை கொடுக்காது. கடைசிச் சுற்றுக்கு முன்னால் நாக் அவுட் வேண்டும் என்று சொல்லித்தான் ஃப்ராச்சை எழுப்பி அனுப்பினார்கள். மணியடிக்க 14 நொடி இருக்கும்போது நடுவர் சண்டையை நிறுத்தினார், ஃப்ராச் வெற்றி.

இரண்டு சுற்றுக்கு நடுவில் கிடைப்பது ஒரு நிமிடம். அதில் வீரர் நடந்து வந்து ஸ்டூலில் உட்கார, பல்கவசத்தை எடுத்துக் கழுவ, தண்ணீர் கொடுக்க, முகத்தில் வாஸலின் தடவ, வெட்டு இருந்தால் கட்மேன் அழுத்திப் பிடிக்க, அப்புறம் மறுபடி எழுந்து நிற்க, இதெல்லாம் போக பயிற்சியாளர் பேச மிஞ்சுவது முப்பது நாற்பது நொடி. எதிரில் உட்கார்ந்திருப்பவர் மூச்சு வாங்கிக்கொண்டு, காது பாதி அடைத்த நிலையில் இருப்பார். ஐந்து விஷயம் சொன்னால் ஒன்றுகூட உள்ளே போகாது. மெக்ராக்கன் கத்த மாட்டார், முகத்துக்கு நேராகக் குனிந்து ஒன்றிரண்டு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். கார்னரில் நாடகம் எதிர்பார்க்கிறவர்களுக்கு இவர் சுவாரசியமில்லாத ஆளாகத் தெரிவது இதனால்தான்.

ஆனால் இவரை எனக்கு உண்மையாகவே பிடித்துப்போனது டெய்லர் சண்டையில் இல்லை, ஆர்தர் ஆப்ரஹாம், லூசியன் பூட்டே இருவருக்கும் எதிராகப் போட்ட திட்டங்களில். ஆப்ரஹாம் சண்டை 2010 நவம்பரில், சூப்பர் மிடில்வெயிட்காரர்களுக்கான சூப்பர் சிக்ஸ் தொடரில், ஹெல்சின்கியில் நடந்தது. ஃப்ராச் அப்போதுதான் டென்மார்க்கில் மிக்கெல் கெஸ்லரிடம் முதல் தோல்வியைச் சந்தித்திருந்தார். ஆப்ரஹாம் கைகளை உயர்த்தி முகத்தை மூடிக்கொண்டு நிற்பார், அடிப்பது குறைவு, ஆனால் அடித்தால் ஆள் போய்விடும். ஃப்ராச்சோ மல்லுக்கட்டப் பிறந்தவர், யாராவது அடித்தால் நான்கு திருப்பிக் கொடுக்காமல் தூக்கம் வராது. அப்படிப்பட்ட ஃப்ராச்சைப் பன்னிரண்டு சுற்றும் ஜாப் போட்டு, நகர்ந்து, மறுபடி ஜாப் போட்டு, ஒரு தடவைகூடச் சண்டைக்குள் இழுபடாமல் இருக்கவைத்தார்கள். ஏறக்குறைய எல்லாச் சுற்றும் ஃப்ராச்சுக்கே போனது.

பூட்டே சண்டை 2012 மே மாதம் நாட்டிங்காமில். ஐந்து மாதம் முன்பு ஆந்த்ரே வார்டு ஃப்ராச்சைத் தெளிவாகத் தோற்கடித்திருந்தார், பலர் ஃப்ராச் கதை முடிந்தது என்றே நினைத்தார்கள். பூட்டே முப்பது சண்டையில் தோல்வியே காணாத இடதுகைக்காரர், தூரத்தில் நின்று எதிராளி தவறு செய்யக் காத்திருந்து அடிப்பவர். அவருக்குத் தேவை இடம். முதல் மணியிலிருந்து அந்த இடத்தை ஃப்ராச் கொடுக்கவே இல்லை, நடந்துபோய் மார்போடு மார்பு நின்று அடித்தார், ஐந்தாவது சுற்றில் முடிந்தது. ஐபிஎஃப் என்ற இன்னோர் அமைப்பின் உலகப் பட்டம் கைக்கு வந்தது. ஹெல்சின்கியில் பின்வாங்கியே ஜெயித்தவரும் இங்கே முன்னேறியே ஜெயித்தவரும் ஒரே வீரர், கார்னரில் இருந்தவரும் ஒரே ஆள். எதிராளியைப் படித்து அதற்கேற்ற திட்டம் போடுவது எல்லோரும் செய்வதுதான். தன் இயல்புக்கு எதிரான திட்டத்தை ஒரு பிடிவாதக்கார வீரரை முழுச் சண்டைக்கும் நம்பவைப்பதில்தான் மெக்ராக்கனின் திறமை இருக்கிறது, அது பல ஆண்டு உறவு இல்லாமல் நடக்காது.

ஜார்ஜ் குரோவ்ஸ் சண்டைகள் எல்லோருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாக. 2013 நவம்பரில் மான்செஸ்டரில் முதல் சுற்றிலேயே ஃப்ராச் விழுந்தார், மூன்று அட்டையிலும் பின்னால் இருந்தார், ஒன்பதாவது சுற்றில் நடுவர் அவசரப்பட்டு நிறுத்தியதால் ஜெயித்தார் என்று இன்றுவரை சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் சொல்வேன். 2014 மே 31-ல் வெம்பிளியில் 80,000 பேர் முன்னால் மறுமோதல். இந்த முறை ஃப்ராச் கோபப்படவில்லை, ஏழு சுற்று பொறுமையாக இருந்து எட்டாவதில் ஒரே வலதுகை அடியில் முடித்தார். அதுதான் அவருடைய கடைசிச் சண்டை.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே மெக்ராக்கன் இன்னொரு முழுநேர வேலையும் பார்த்தார். வெளிநாட்டு ரசிகர்கள் கவனிக்காத பகுதி இதுதான், என் பார்வையில் இவருடைய பெரிய சாதனையும் இதுதான்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டன் அனுப்பிய ஒரே குத்துச்சண்டை வீரர் அமீர் கான். 2008 பெய்ஜிங்கில் ஜேம்ஸ் டிகேலின் தங்கத்தோடு மூன்று பதக்கம் கிடைத்தாலும், பயிற்சியாளர் டெர்ரி எட்வர்ட்ஸ் பதவி போய், வீரர்கள் வரிசையாகத் தொழில்முறைக்குப் போய் அணி கலைந்தது. அடுத்த ஒலிம்பிக் சொந்த ஊரில். 2009 கடைசியில் அந்தப் பொறுப்பு மெக்ராக்கனிடம் வந்தது. ஷெஃபீல்டில் இங்கிலீஷ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஸ்போர்ட் வளாகத்தில்தான் முகாம். வீரர்கள் வாரத்தின் முதல் நான்கு நாள் அங்கே தங்கிப் பயிற்சி எடுப்பார்கள், வாரக் கடைசியில் வீட்டுக்கும் தங்கள் சொந்த கிளப்புக்கும் போய்வருவார்கள். செலவுக்கு லாட்டரி நிதி. உணவு, உடற்பயிற்சி, எதிராளிகளின் வீடியோ அலசல், மருத்துவம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஃப்ராச்சும் அங்கேயே வந்து பயிற்சி எடுத்தார், அதனால் இருபது வயதுப் பிள்ளைகள் ஓர் உலகச் சாம்பியன் தினமும் எப்படி உழைக்கிறார் என்பதைப் பக்கத்திலிருந்தே பார்த்தார்கள்.

வேலையின் தன்மையே வேறு என்பதையும் சொல்ல வேண்டும். தொழில்முறையில் பன்னிரண்டு சுற்று, எதிராளியை மாதக்கணக்கில் படிக்கலாம். ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு மூன்றே சுற்று, சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து ஆள் மாறிக்கொண்டே இருக்கும், ஒரு நாட்டுக்காரரை முடித்தால் முற்றிலும் வேறு பள்ளியில் வளர்ந்த இன்னொரு நாட்டுக்காரர் நிற்பார். முதல் சுற்றைக் கோட்டை விட்டால் திரும்பி வருவது மிகக் கடினம். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து இரண்டிலும் உச்சத்துக்குப் போன பயிற்சியாளர் வேறு யார் என்று யோசித்தால் எனக்குச் சட்டென்று ஒரு பெயரும் வரவில்லை.

லண்டன் 2012-ல் மூன்று தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். தங்கம் வாங்கியவர்கள் நிக்கோலா ஆடம்ஸ், லூக் கேம்ப்பெல், ஆன்டனி ஜோஷுவா. பெண்கள் குத்துச்சண்டை முதல்முறையாக ஒலிம்பிக்கில் வந்த ஆண்டு அது. நம் மேரி கோமை அரையிறுதியில் 11-6 என்று தோற்கடித்தவர் இதே நிக்கோலா ஆடம்ஸ்தான், அன்று நம் வீட்டுத் தொலைக்காட்சிகளில் நாம் பார்த்தது ஷெஃபீல்டில் தயாரான வேலையைத்தான். மேரி கோம் தன் இயல்பான எடையிலிருந்து மேலே ஏறிவந்து 51 கிலோவில் ஆடினார் என்பது உண்மை, ஆனால் ஆடம்ஸின் கால்வேகமும் தூரக் கணக்கும் அந்த நாளில் வேறு மட்டத்தில் இருந்தன.

ரியோவில் மூன்று பதக்கம், ஆடம்ஸுக்கு மறுபடி தங்கம். 2021-ல் நடந்த டோக்கியோவில் ஆறு பதக்கம்: கலால் யஃபாய், லாரன் பிரைஸ் தங்கம், பேட் மெக்கார்மக், பென் விட்டேக்கர் வெள்ளி, ஃப்ரேசர் கிளார்க், கேரிஸ் ஆர்ட்டிங்ஸ்டால் வெண்கலம். 1920-க்குப் பிறகு பிரிட்டிஷ் குத்துச்சண்டைக்குக் கிடைத்த அதிகபட்சப் பதக்கம் இது. பாரிஸ் 2024-ல் லூயிஸ் ரிச்சர்ட்சனின் ஒரு வெண்கலத்தோடு நின்றது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஒலிம்பிக்குக்கும் பிறகு நல்ல வீரர்கள் பணத்துக்காகத் தொழில்முறைக்குப் போய்விட, இவர் மறுபடி பூஜ்யத்திலிருந்து அணி கட்ட வேண்டும். அந்தச் சுழற்சியில் பதினைந்து ஆண்டு தாக்குப்பிடித்ததே பெரிது.

இப்போது ஜோஷுவா. லண்டன் தங்கத்துக்குப் பிறகு அவர் தொழில்முறையில் டோனி சிம்ஸிடம் இருந்தார், 2016-ல் மெக்ராக்கனிடம் திரும்பினார். 2017 ஏப்ரலில் வெம்பிளியில் 90,000 பேர் முன்னால் விளாடிமிர் கிளிட்ச்கோவுடன் சண்டை. ஐந்தாவது சுற்றில் கிளிட்ச்கோவை வீழ்த்தியபின் ஜோஷுவா மூச்சு தீர்ந்து நின்றார், ஆறாவதில் அவரே விழுந்தார். அடுத்த சில சுற்றுகள் அவசரப்படாமல், அடிக்க வெறிகொண்டு ஓடாமல், ஜாப் வைத்து மூச்சைத் திரும்பப் பிடித்து, 11-வது சுற்றில் முடித்தார். இளம் ஹெவிவெயிட் ஒருவர் அப்படி நிதானமாகத் தன்னை மீட்டெடுப்பது சும்மா வராது, கார்னரின் பங்கு அதில் அப்பட்டமாகத் தெரிந்தது.

2019 ஜூன் 1, நியூயார்க். கடைசி நேரத்தில் மாற்றாக வந்த ஆண்டி ரூயிஸை மூன்றாவது சுற்றில் ஜோஷுவா வீழ்த்தினார், அதே சுற்றில் தானும் இரண்டு முறை விழுந்தார், ஏழாவதில் இன்னும் இரண்டு முறை. சண்டை நின்றது. பல மாதம் கழித்து பிபிசி பேட்டியில் மெக்ராக்கன், முதல் முறை விழுந்தபோதே ஜோஷுவாவுக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்தது, அவரை இன்னும் சில சுற்று தாண்டவைப்பதே தன் வேலையாக இருந்தது என்ற பொருளில் பேசினார். மூளைக் காயத்துக்கான பிரிட்டிஷ் தொண்டு அமைப்பான ஹெட்வே கடுமையாகக் கண்டித்தது. பிறகு அவர், அது பின்னால் திரும்பிப் பார்த்துச் சொன்னது, அந்த நேரத்தில் அப்படித் தெரியவில்லை என்று விளக்கம் கொடுத்தார்.

இதில் நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன். பிரிட்டனில் 1991-ல் மைக்கேல் வாட்சன் ரிங்கில் விழுந்து மூளைக் காயத்தோடு வாழ்நாள் முழுக்கப் போராட வேண்டிவந்த கதை எல்லாப் பயிற்சியாளருக்கும் தெரியும், ரிங் ஓரத்து மருத்துவ விதிகளே அந்த வழக்குக்குப் பிறகு மாறின. மெக்ராக்கன் தொழில்முறைக்கு வந்ததும் அதே ஆண்டுதான். அடி வாங்கிய ஹெவிவெயிட்டுகள் மீண்டு வந்து ஜெயிப்பதும் உண்டு, கிளிட்ச்கோ சண்டையே அதற்கு உதாரணம், அதனால் கார்னரில் நிற்பவருக்கு அந்த முடிவு எவ்வளவு கடினம் என்று புரிகிறது. ஆனாலும் தெரிந்தே அனுப்பியிருந்தால் அது தவறு, தெரியாமல் அனுப்பியிருந்தால் அந்தப் பேட்டியில் அந்த வார்த்தைகள் வந்திருக்கக் கூடாது.

டிசம்பரில் சவுதியில் நடந்த மறுமோதல் மறுபடி பழைய மெக்ராக்கன். ஜோஷுவா நான்கரை கிலோ குறைந்து வந்தார், பன்னிரண்டு சுற்றும் ஜாப் போட்டு நகர்ந்தார், தெளிவாக ஜெயித்தார். ஹெல்சின்கி பார்த்தவர்களுக்கு அந்தத் திட்டம் புதிதாகத் தோன்றியிருக்காது.

அப்புறம் உசிக், 2021 செப்டம்பர், டாட்டன்ஹாம் மைதானம். உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். எட்டு கிலோவுக்கும் மேல் எடை அதிகமுள்ள ஜோஷுவா, உலகத்திலேயே தூரத்திலிருந்து ஆடத் தெரிந்த மிகச் சிறந்த இடதுகைக்காரரோடு தூரத்திலேயே நின்று ஆடினார். உடம்பில் அடித்து, சாய்ந்து, எடையைச் சுமக்கவைத்துக் களைப்பாக்கவே இல்லை. பூட்டேவுக்கு எதிராக ஃப்ராச்சை முதல் மணியிலேயே உள்ளே அனுப்பிய அதே மனிதர் இங்கே அதைச் செய்யவில்லை என்பதுதான் என் வருத்தம். ரூயிஸிடம் விழுந்த நினைவு இருவரையும் பயமுறுத்தியிருக்கும் என்று ஊகிக்கிறேன், அந்த ஜாக்கிரதை உசிக்குக்கு வசதியாகப் போனது. ஆக, திட்டம் தவறு, அந்தப் பொறுப்பு மெக்ராக்கனுடையது. ஆனால் தோல்விக்கே அவர்தான் காரணம் என்பது உசிக்கை அவமதிப்பது. அடுத்த ஆண்டு புதிய பயிற்சியாளர் ராபர்ட் கார்சியாவோடு வந்து, உடம்பில் அடித்து, முன்னைவிட நன்றாக ஆடியும் ஜோஷுவா தோற்றார்.

ஜோஷுவா போனபின்னும் வேலை நிற்கவில்லை. ஒலிம்பிக் தங்கத்தோடு வந்த லாரன் பிரைஸ் தொழில்முறையிலும் இவரிடமே தங்கி, 2024-ல் கார்டிஃபில் ஜெசிகா மெக்காஸ்கிலைத் தோற்கடித்து வெல்டர்வெயிட் உலகச் சாம்பியன் ஆனார், 2025 மார்ச்சில் நடாஷா ஜோனஸையும் தோற்கடித்தார். கலால் யஃபாய் 2024 நவம்பரில் பர்மிங்காமில் சன்னி எட்வர்ட்ஸை ஆறாவது சுற்றில் நிறுத்தியது, எதிராளிக்கு மூச்சுவிட இடம் தராமல் நெருக்கிக்கொண்டே போன சண்டை. தூரத்தில் நகர்ந்து ஆடும் எட்வர்ட்ஸுக்கு அதுதான் சரியான மருந்து.

நேரம் இருந்தால் இந்த வரிசையில் பாருங்கள்: முதலில் ஆப்ரஹாம், உடனே பூட்டே, அப்புறம் யஃபாய்–எட்வர்ட்ஸ், கடைசியாக உசிக் முதல் சண்டை. சுற்றுகளுக்கு நடுவே வர்ணனையாளர்களை விட்டுவிட்டு கார்னர் மைக்கில் வரும் குரலை மட்டும் கேளுங்கள். உசிக் சண்டையில் எட்டாவது சுற்றுக்குப் பிறகு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ எழுதுங்கள், அதைப் பற்றிப் பேச எனக்கு நிறைய இருக்கிறது.